பழம்பெட்டியும் செந்நிறச் சுருளும்

மக்கபேயர் இரண்டாம் நூலின் தொடக்கத்தில், எருசலேம் யூதர்கள் எகிப்தில் வாழ்ந்த தம் இனத்தாருக்கு எழுதிய மடல் ஒன்று உள்ளது. ஞாயிறு வாசகங்களில் அது வருவதில்லை; ஆதலால் நம்மில் பலர் அதனைக் கருதிப் படித்திருக்க மாட்டோம். நெகேமியா ஒரு நூலகம் நிறுவி, அரசரையும் இறைவாக்கினரையும் பற்றிய ஏடுகளையும் தாவீதின் எழுத்துகளையும் அதில் திரட்டி வைத்தார் என்றும், போரினால் சிதறிப்போன நூல்களை யூதா மக்கபே மீண்டும் ஒன்றுசேர்த்தார் என்றும் அம்மடல் (2:13-15) கூறுகிறது. அந்நூல்கள் தங்களிடம் இருப்பதாகவும், தேவைப்பட்டால் ஆளனுப்பிப் பெற்றுக்கொள்ளலாம் என்றும் எழுதியவர்கள் சேர்த்துச் சொல்கிறார்கள். காத்துவைத்தவர்களே கொடுக்கவும் முன்வருகிறார்கள். கேட்பவர்களோ அவர்களுடைய உடன்பிறப்புகள். நூலகம் என்பதற்கு இதைவிட எளிய இலக்கணத்தை நாம் அறியோம்.

விந்தை என்னவெனில், இந்த மக்கபேயர் நூலை யூதர்கள் தம் திருமறை வரிசையில் சேர்த்துக்கொள்ளவில்லை. கிரேக்க மொழியில் அதனைக் காத்துத் தலைமுறை தோறும் ஒப்படைத்தது திருச்சபைதான். யூத நூலகம் ஒன்றைப் பற்றிய பழஞ்சான்று கிறிஸ்தவர் கையில் பிழைத்திருக்கிறது. இதனை எண்ணி நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் அதற்கு முன்னர் படித்துப் பார்க்க வேண்டிய நூல் ஒன்றுண்டு. நம் நீலமலைக்குத் தெற்கே, கடலோரக் கொச்சியில் நடந்ததை அது கூறுகிறது. சென்ற தென்மேற்குப் பருவத்தில், தோட்டத்துப் பாதைகள் அடைபட்டு மேல்தோட்டத்து வீடுகளுக்குச் செல்லவும் இயலாதிருந்த நாள்களில், நாம் அந்நூலை மெல்ல மெல்லப் படித்து முடித்தோம். அதைப் பற்றிய நம் எண்ணங்களே இக்கட்டுரை.

நூலின் பெயர் 'கிறிஸ்டியன் ரிசர்ச்சஸ் இன் ஏசியா'. 1811-இல் வெளிவந்தது. ஆசிரியர் கிளாடியஸ் புக்கானன், ஸ்காட்லாந்தில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆங்கிலிக்கன் குரு. கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் துணைத்தலைவராக இருந்தவர். 1806-இல் அவர் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டுத் தரங்கம்பாடி, தஞ்சை முதலிய ஊர்களைக் கண்டு, மலையாள நாட்டை அடைந்து, கொச்சியில் தங்கினார். சிரியக் கிறிஸ்தவர்களையும் யூதர்களையும் அவர்களிடமிருந்த பழஞ்சுவடிகளையும் தேடியே அங்கு வந்தார். 1808-இல் மீண்டும் ஒரு முறை கொச்சி வந்து, பின்னர் இங்கிலாந்து திரும்பினார். அவர் கொண்டுசென்ற எபிரேய, சிரியச் சுவடிகள் இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன.

அவற்றுள் புகழ்பெற்றது ஒரு தோரா சுருள். செந்நிறச் சாயமூட்டிய ஆட்டுத்தோல்கள் முப்பத்தேழை ஒன்றோடொன்று தைத்து அமைத்தது. நீளம் ஏறத்தாழ 48 அடி. லேவியர் நூல் முழுவதும் அதில் இல்லை. இணைச் சட்ட நூலின் பெரும்பகுதியும் இல்லை. முழுமையாக இருந்த காலத்தில் அதன் நீளம் ஏறத்தாழ இருமடங்கு இருந்திருக்கும்.

இச்சுருள் புக்கானன் கைக்கு வந்த வரலாற்றை அவரே தம் நூலில் விரிவாக எழுதுகிறார். நூலின் மிக உயிர்ப்பான பக்கங்கள் அவையே. நம்மைப் பலநாள் அமைதியிழக்கச் செய்தவையும் அவையே.

கொச்சி யூதர் வீடுகளில் எங்கும் எபிரேய நூல்களைக் கண்டதாக அவர் எழுதுகிறார். போர்த்துகீசியர், டச்சுக்காரர் வணிகத்தின் வழியாக ஐரோப்பாவில் அச்சான நூல்கள் பல அங்கு வந்து சேர்ந்திருந்தன. ஆனால் அவர் தேடியது அச்சு நூல்களை அன்று. தொழுகைக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாக வாசிக்கப்பட்ட பழைய சுருள்கள் எங்கே என்று வினவினார். பழுதடைந்தவற்றைப் புதைத்துவிடுவது வழக்கம் என்று சிலர் கூறினர். எப்போதும் அப்படியன்று என்றனர் வேறு சிலர். பின்னர், அவர் 'கறுப்பு யூதர்' என்று குறிக்கும் மலபார் யூதர்களின் தொழுகைக்கூடம் ஒன்றில் ஒரு பழம்பெட்டி உண்டென்றும், கிழிந்து நைந்த திருநூல்கள் அதில் கிடக்கின்றன என்றும் அறிந்தார். தலைவர் சிலரோடு அங்குச் சென்று பெட்டியைத் திறந்து பார்த்தார். அதனுள் என்ன உள்ளதென்று அவர்களுள் சிலர் அதுவரை பார்த்ததே இல்லையாம். அவற்றைப் பெரிதாக மதித்ததாகவும் தெரியவில்லையாம். விரைந்து விலை பேசி, சுவடிகளை இரண்டு துணிகளில் மூட்டையாகக் கட்டி, யூதர்களையே சுமக்கச் செய்து வெளியே வந்தார்.

தெருவுக்கு வருமுன்னரே, கிறிஸ்தவர்கள் தொழுகைக்கூடத்தின் திருச்சட்டத்தைக் கொள்ளையிடுகிறார்கள் என்ற செய்தி பரவிவிட்டது. பெண்களும் சிறுவர்களும் கூடி அவரைப் பின்தொடர்ந்தனர். அவர் வீடு சேர்ந்த சற்று நேரத்தில், சுவடிகளை எடுத்துச்செல்ல இசைந்தவர்களே பதறி ஓடிவந்து, மக்கள் சினம் தணிய அவற்றை உடனே திருப்பித் தருமாறு வேண்டினர். வேறு சிலர் கொச்சியின் ஆங்கிலேய நடுவரிடம் முறையிட்டனர். நடுவர் சுவடிகளைத் தம் பொறுப்பில் வாங்கிக்கொண்டு, மக்கள் மனம் ஆறும்வரை சில நாள் கழியவிட்டு, இணக்கமானவர் சிலரை மட்டும் அழைத்துப் பேசினார். அதற்கிடையில் புக்கானன் கொடுங்கல்லூருக்கு ஒதுங்கியிருந்தார். பழையவற்றை அவர் வைத்துக்கொள்வது, புதியவற்றைத் திருப்பித் தருவது என்று தீர்ப்பாயிற்று. இறுதியில் புதியவற்றிலும் சிலவற்றை யூதர்கள் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தனர் என்று அவர் முடிக்கிறார்.

புக்கானனின் நேர்மையை நாம் முதலில் பாராட்ட வேண்டும். மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. பின்தொடர்ந்த பெண்களையும் குழந்தைகளையும் எழுதாமல் விட்டிருந்தால் எவருக்கும் தெரிந்திராது. சுவடிகளைத் திருப்பிக் கொடுக்க நேருமோ என்று அஞ்சிய இடத்தில், அவற்றைக் குறிக்க அவர் கையாளும் சொல் போரில் வென்றவன் அள்ளிவரும் கொள்ளைப்பொருளுக்கு உரியது. வேடிக்கையாகவே எழுதியிருப்பார். ஆயினும் எழுதியவரின் கை சில வேளைகளில் எழுதியவரைவிட உண்மையானது.

நேர்மை வேறு, புரிந்துகொள்ளுதல் வேறு. அந்தப் பெட்டி என்னவென்று புக்கானனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை என்பதே நம் கருத்து. பழஞ்சுவடிகள் அதில் வீசப்பட்டுக் கிடந்ததாக அவர் எண்ணுகிறார். யூத மரபை அறிந்தவர்கள் அதனைக் கண்டவுடன் 'கெனிசா' என்று சொல்லியிருப்பர். இறைவனின் திருப்பெயர் எழுதப்பட்ட எந்த ஏட்டையும் எரிக்கலாகாது, குப்பையில் இடலாகாது என்பது யூதர் நெறி. பழுதடைந்த சுருளில் வாசிக்கக் கூடாது. எனவே அதனை ஒதுக்கமான ஓரிடத்தில் சேமித்துவைத்து, காலம் வரும்போது இறந்த மனிதரை அடக்கம் செய்வதுபோல் மண்ணில் அடக்கம் செய்வர். பெட்டிக்குள் அவர்கள் எட்டிப் பார்க்காதது மதிப்பின்மையால் அன்று. நாம் நம் பெற்றோரின் கல்லறையை ஆண்டுதோறும் திறந்தா பார்க்கிறோம்?

(புனிதர்களின் கல்லறையைத் திறந்து அருளிக்கம் எடுத்து உலகெங்கும் பகிர்ந்துகொள்ளும் மரபினர் நாம் என்பதையும் இங்கு மறக்கலாகாது. புக்கானன் ஆங்கிலிக்கராயினும் இந்த ஒரு காரியத்தில் நம்மவரைப் போன்றே நடந்துகொண்டார்.)

கெனிசாவின் அருமையை உலகம் பின்னரே உணர்ந்தது. கெய்ரோவின் பழைய பகுதியான புஸ்தாத்தில் உள்ள பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தின் கெனிசா அறையிலிருந்து, 1896-97 குளிர்காலத்தில், சாலமன் ஷெக்டர் என்னும் யூத அறிஞர் அங்குள்ள யூதத் தலைவர்களின் இசைவோடு ஏறத்தாழ 1,90,000 சுவடித் துண்டுகளைக் கேம்பிரிட்ஜுக்கு எடுத்துச்சென்றார். திருநூல்களும் செபங்களும் மட்டுமன்றி, கடன் சீட்டுகள், மணமுறிவுப் பத்திரங்கள், சிறுவரின் எழுத்துப் பயிற்சித் தாள்கள்வரை அதில் இருந்தன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மங்களூரில் தங்கி வாணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜு என்ற யூதரின் கடிதங்களும் அங்குதான் கிடைத்தன. நம் மேற்குக் கடற்கரையிலிருந்து போன காகிதம் எகிப்தின் வறண்ட காற்றில் எண்ணூறு ஆண்டுகள் பிழைத்தது. அதே காகிதம் மங்களூரில் இருந்திருந்தால் எட்டு மழைக்காலம் தாங்கியிருக்குமா?

மலைவாழ் மக்களாகிய நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. ஆடி மாதத்தில் அலமாரிக் கதவைத் திறந்தால் அட்டைகளின் மேல் வெண்பூஞ்சணம் படர்ந்திருக்கும். திருமுழுக்குப் பதிவேட்டின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; மை கசிந்து பெயர்கள் பின்பக்கத்துப் பெயர்களோடு கலந்துவிடும். கோயில்பிள்ளை அவற்றைச் சமையலறை அடுப்பருகே விரித்து உலர்த்துவார். இலங்கை மலைத்தோட்டங்களிலிருந்து 1964 ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய குடும்பங்கள் நம் பங்கில் மிகுதி. ஒரு பெயரும் ஒரு தேதியும் எழுதிய ஒற்றைத் தாள் இல்லாமையால் ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்களை அவர்களுள் நாம் அறிவோம். ஏடு அழிந்தால் மனிதருக்கு என்ன நேரும் என்பதை நாம் நூல்களில் கற்கவில்லை.

ஆகவே புக்கானனுக்கு எதிராக மட்டும் எழுதிவிட நமக்கு மனம் வரவில்லை. அவர் எடுத்துச்சென்றிராவிட்டால் அந்தச் செந்நிறச் சுருள் கொச்சி மண்ணில் புதைந்து மக்கியிருக்கும் என்பதே பெரிதும் நிகழக்கூடியது. நம் தமிழகத்தில் என்ன நடந்தது? ஆடிப்பெருக்கில் ஓலைச்சுவடிகளை ஆற்றில் விட்டதையும், கரிவலம்வந்தநல்லூரில் பழஞ்சுவடிகளை நெய்யில் தோய்த்து வேள்வித்தீயில் இட்டதையும் உ. வே. சாமிநாத ஐயர் நெஞ்சம் நொந்து எழுதியிருக்கிறார். அங்கும் அழித்தவர்கள் பகைவர் அல்லர். மரியாதையாக வழியனுப்புவதாக எண்ணியவர்களே. பக்தியால் அழிந்த ஏடுகள் பகையால் அழிந்தவற்றினும் குறைவா என்று நமக்கு ஐயமே.

எனினும் புக்கானனை விடுவிக்க இயலாதபடி அவருடைய நூலிலேயே இரண்டு செய்திகள் உள்ளன.

ஒன்று, செப்பேடுகள். சேர மன்னர் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவருக்குச் சிறப்புரிமைகள் அளித்து ஏறத்தாழ கி.பி. 1000-இல் வழங்கிய வட்டெழுத்துச் செப்பேடுகள் கொச்சி யூதர்களிடம் இருந்தன. புக்கானன் அவற்றைக் கண்டார், விரும்பினார். ஆனால் எடுத்துச்செல்லவில்லை. செப்புத் தகட்டில் அதே வடிவில் நகல் பொறிக்கச் செய்து அந்நகலைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசென்றார். மூலம் உரியவர்களிடமே தங்கிற்று. ஆகவே, படியெடுத்துக்கொண்டு மூலத்தை விட்டுவரும் வழி அவர் அறியாததன்று. மன்னன் தந்த உரிமைப் பத்திரம் யூதருக்குத் தேவை என்பதை உணர்ந்தவர், கிழிந்த திருச்சுருளும் அவர்களுக்குத் தேவையாக இருக்கலாம் என்று எண்ணவில்லை.

மற்றொன்று, அவர் ஏன் தேடினார் என்பது. ஐரோப்பிய யூதர்கள் கிறிஸ்துவைக் குறிக்கும் இறைவாக்குகளைத் தம் படிகளில் திருத்திவிட்டார்கள் என்று பழி கூறியவர்கள் உண்டு. அந்தச் சண்டைகளுக்கு எட்டாத கீழ்த்திசை யூதர்களிடம் திருத்தப்படாத படி இருக்கலாம் என்பதே புக்கானனின் எதிர்பார்ப்பு. தாமஸ் யேட்ஸ் என்பவர் அச்சுருளை எழுத்தெழுத்தாக ஒப்புநோக்கி 1812-இல் முடிவை வெளியிட்டார். அச்சிட்ட எபிரேய நூலுக்கும் இதற்கும் இருந்த வேறுபாடுகள் மிகச் சில. அவையும் எழுத்தளவில் நின்றவை. ஐயத்தோடு எடுத்துச்சென்ற ஏடு, ஐயத்துக்கு உள்ளானவர்களின் நேர்மைக்கே சான்று பகர்ந்தது. கண்டங்கள் கடந்து வாழ்ந்த எழுத்தர்கள் ஒரே எழுத்தைக் காத்துவந்திருக்கிறார்கள். நூலகக் கலை என்று இன்று நாம் பேசுவதெல்லாம் அந்த எழுத்தர்களின் விரல்நுனியில் தொடங்கியது. இந்தக் கண்டுபிடிப்பின் பொருளைப் புக்கானனுடைய ஆர்வலர்கள் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாக நமக்குத் தோன்றவில்லை.

சிரிய ஆயர் மார் தியோனிசியுஸ் பழைய சிரிய விவிலியம் ஒன்றைப் புக்கானனுக்குத் தாமே மனமுவந்து அளித்தார். தம்மிடம் இருப்பதைவிட அவரிடம் அது பாதுகாப்பாக இருக்கும் என்று அந்த முதியவர் கருதினார். ஏன் அப்படிக் கருத வேண்டும்? விடை நம் வீட்டுக்குள்தான் இருக்கிறது.

1599-இல் கோவாப் பேராயர் மெனேசஸ் கூட்டிய உதயம்பேரூர் சங்கம், தோமையார் கிறிஸ்தவர்களின் சிரிய நூல்களை வரிசைப்படுத்தி, சிலவற்றைத் திருத்தவும் சிலவற்றை எரிக்கவும் ஆணையிட்டது. ஒரு வகையில் அதுவும் ஒரு நூற்பட்டியலே. பெயர், பொருளடக்கம், குறை எல்லாம் முறையாகக் கொடுக்கப்பட்டிருக்கும், நூல்தான் இருக்காது. இதைத்தான் ஐரோப்பாவில் யூத நூல்களுக்கும் நம் முன்னோர் செய்தனர். 1242-ஐ ஒட்டிப் பாரிசில் இருபத்து நான்கு வண்டி தால்முத் ஏடுகள் எரிக்கப்பட்டன. 1553 செப்டம்பர் 9-ஆம் நாள், யூதரின் புத்தாண்டு நாளில், உரோமையின் காம்போ தெ பியோரி சதுக்கத்தில் மீண்டும் தீ மூட்டினர். கொச்சியில் 1662-இல், டச்சுக்காரருக்கு யூதர்கள் உதவினர் என்ற சினத்தில், போர்த்துகீசியர் மட்டாஞ்சேரித் தொழுகைக்கூடத்துக்குத் தீயிட்டனர். அங்கிருந்த பழம்பதிவுகள் அழிந்தன. அடுத்த ஆண்டு கொச்சி டச்சுக்காரர் வசமாயிற்று. 1686-இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்து பார்த்த மோசே பெரேரா தெ பைவா, கொச்சி யூதரைப் பற்றி எழுதிய அறிக்கை மறு ஆண்டு அச்சாயிற்று. ஆம்ஸ்டர்டாம் யூதர்கள் இவர்களுக்கு நூல்கள் அனுப்பினர். கொச்சி மரபின்படியான செபநூல்களும் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமில் அச்சிடப்பட்டன. கேட்டவர்களுக்கு உடன்பிறப்புகள் அனுப்பிய நூல்கள்! மக்கபேயர் மடல் கொச்சியில் நிறைவேறியது என்றே நாம் சொல்வோம்.

புக்கானன் தம் நூலில் உதயம்பேரூரில் எரிந்த நூல்களுக்காக வருந்துகிறார். கோவாவின் மறைவிசாரணையை வன்மையாகச் சாடுகிறார். கத்தோலிக்கராகிய நமக்கு அப்பக்கங்கள் கசக்கும். பொய்யென்று தள்ள முடியாது. ஆனால் நம் முன்னோரின் தீயை அத்துணைத் தெளிவாகக் கண்டவர், தம் கையிலிருந்த துணிமூட்டையைக் காணவில்லை.

நம் மலைக்கும் இந்த வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. சிரிய நூல்களைத் திருத்தும் பணியில் முன்னின்ற இயேசு சபைக் குரு பிரான்சிஸ் ரோஸ் பின்னர் அங்கமாலி ஆயரானார். மலைமேல் கைவிடப்பட்ட கிறிஸ்தவர்கள் வாழ்கிறார்கள் என்ற வதந்தியைக் கேட்டு அவர் ஆள்களை அனுப்பினார். அதன் தொடர்ச்சியாக, 1603-இல் கள்ளிக்கோட்டையிலிருந்து ஜாக்கோமோ பெனிச்சியோ என்னும் இத்தாலியக் குரு மலையேறி வந்து, தோடர்களையும் படகர்களையும் கண்டு மடல் வரைந்தார். நீலகிரியைப் பற்றி ஐரோப்பியர் நேரில் கண்டு எழுதிய முதல் குறிப்பு அதுவே. அந்தப் போர்த்துகீசியச் சுவடி இலண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் தங்கியிருந்தமையால், ரிவர்ஸ் என்பவர் 1906-இல் தோடர் பற்றிய தம் நூலின் பின்னிணைப்பாக அதன் மொழிபெயர்ப்பை வெளியிட முடிந்தது. ஏட்டை எரிக்க ஆணையிட்ட அதே வட்டத்தினர் எழுதிய ஏடு, பிறர் நூலகத்தில் பிழைத்து, நம் மலையின் வரலாறாயிற்று.

திருச்சபையின் கணக்கில் தீ மட்டும்தான் என்று எழுதினால் அதுவும் நேர்மையாகாது. பார்மா நகரில் வாழ்ந்த ஜொவான்னி பெர்னார்தோ தெ ரோசி (1742-1831) கத்தோலிக்கக் குரு. வாழ்நாளெல்லாம் எபிரேயச் சுவடிகளைத் திரட்டி, ஒவ்வொன்றையும் படித்து விவரித்து, 1803-இல் பட்டியல் வெளியிட்டார். ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட அச்சுவடிகள் இன்றும் பார்மாவின் பாலத்தீனா நூலகத்தில் உள்ளன. குருமடத்தில் எபிரேயம் கற்றபோது நமக்கு இவர் பெயரை எவரும் சொல்லித்தரவில்லை. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் யூதரைப் பற்றிய நம் பார்வையைத் திருத்தியது. ஏட்டளவில் அத்திருத்தத்தை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே தொடங்கியவர் அவர்.

இனி, புக்கானனின் நூலில் நம்மை மீண்டும் மீண்டும் இழுத்த அந்த ஒரு காட்சிக்கு வருவோம். தெருவில் பின்தொடர்ந்து வந்த பெண்கள். அவருடைய எழுத்தில் அவர்கள் கூட்டம் மட்டுமே, கலகத்தின் அறிகுறி. பெயரோ சொல்லோ அவர்களுக்கு இல்லை. மாளை, பறவூர், சேந்தமங்கலம் என்று ஊர் ஊராகச் சென்று சுவடி தேடியவர், அந்தப் பெண்களிடம் ஏதேனும் ஏடு உண்டா என்று கேட்டதாகக் குறிப்பில்லை. அவர் தேடியது எபிரேயம். ஆண்கள் வாசித்தது, தொழுகைக்கூடத்தில் இருந்தது, பழமையானது. அவற்றுக்கு மட்டுமே சுவடி என்று பெயர்.

கொச்சி யூதப் பெண்களிடமோ வேறொரு செல்வம் இருந்தது. மலையாளப் பாட்டுகள். விவிலியக் கதைகள், திருமணம், தொழுகைக்கூடம் கட்டிய வரலாறு எல்லாம் அவற்றில் உண்டு. பெண்கள் பாடுவர், ஆண்கள் கேட்பர். தாயிடமிருந்து மகள் படியெடுத்துக்கொள்ளும் குறிப்பேடுகளில் அவை வாழ்ந்தன. 1950-களின் நடுவில் கொச்சி யூதரில் பெரும்பாலோர் இஸ்ரயேல் சென்றபோது, ஆண்கள் தோரா சுருள்களைக் கொண்டுசென்றனர். பெண்கள் தங்கள் குறிப்பேடுகளைக் கொண்டுசென்றனர். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அந்த எழுத்தே தெரியாமற்போயிற்று.

1970-கள் முதல் பி. எம். ஜூஸ்ஸே, ஷெர்லி ஐசன்பெர்க், பார்பரா ஜான்சன் ஆகியோர் அப்பாடல்களைத் தேடித் தொகுத்தனர். அவர்களுக்கு முன்னரே, 1937-இல் நம் மலையின் கோத்தர்களிடையே தங்கி ஆராய்ந்த டேவிட் மாண்டல்பாம் கொச்சிக்கும் சென்று, அந்த யூதரின் வாழ்க்கைமுறையைப் பற்றி 1939-இல் கட்டுரை வெளியிட்டிருந்தார். ஆனால் குறிப்பேடுகளின் காலம் பின்னர்தான் வந்தது. 2005-இல் 'கார்குழலி' என்னும் தொகுப்பு, மலையாள மூலமும் எபிரேய மொழிபெயர்ப்புமாக எருசலேமின் பென் ஸ்வி நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. பதிப்பித்தவர்கள் ஓபிரா கம்லியேலும் ஸ்கறியா சக்கரியாவும். 2022-இல் மறைந்த ஸ்கறியா சக்கரியா கேரளக் கிறிஸ்தவர்; மலையாளப் பேராசிரியர். உதயம்பேரூர் சங்கத்தின் ஆணைகளை 1994-இல் பதிப்பித்தவரும் அவரே. நூல்களை எரிக்கச் சொன்ன ஏட்டையும், எவரும் நூலென்று மதிக்காத பெண்களின் ஏட்டையும் ஒரே மனிதர் ஒரே அக்கறையோடு அச்சேற்றினார். புக்கானனின் நூலுக்கு எழுதப்பட்ட சிறந்த மறுமொழி இதுவே என்று நாம் கருதுகிறோம்.

இவ்வளவும் எழுதிய பின் நம் கணக்கையும் சொல்லிவிடுவது முறை. நாம் இப்பங்குக்கு வந்த முதல் ஆண்டில், திருநீற்றுப் புதனுக்கு முன்னர், திருப்பொருள் அறையின் அலமாரியைத் துப்புரவு செய்தோம். கரையான் அரித்த பழைய செபப்புத்தகங்கள், அட்டை கழன்ற பாடல் நூல்கள், அவற்றோடு கையெழுத்துக் கொப்பி ஒன்று. பூஞ்சணம் பிடித்துத் தாள்கள் ஒட்டியிருந்தன. புரட்டிப் பார்த்தோம், தபசு காலப் புலம்பல்கள் போலும். மந்திரிக்கப்பட்ட பொருள்களை எரித்துச் சாம்பலைப் புதைக்கலாம் என்பது நாம் கற்ற நெறி. பழைய குருத்தோலைகளோடு அவற்றையும் எரிக்குமாறு கோயில்பிள்ளையிடம் சொன்னோம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, கீழ்த்தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தார். "சாமி, எங்க அம்மாயியோட கொப்பி கோயில்ல இருக்கு. லயத்துல ஒழுகுதுன்னு இங்க குடுத்து வெச்சோம். இந்தப் பெரிய வெள்ளிக்குப் பாடணும்" என்றார். இலங்கையிலிருந்து வரும்போது அவருடைய பாட்டி துணிப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த கொப்பி அது. பத்திரமாக இருக்கட்டும் என்று கோயிலில் வைத்திருக்கிறார்கள். நாம் உண்மையைச் சொன்னோம். அவர் ஒன்றும் பேசவில்லை. தலைக்கு முக்காடிட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

புக்கானனின் பெட்டியைப் படித்தபோது அந்த அலமாரியே நம் கண்முன் நின்றது. அவராவது எடுத்துக் காத்தார்.

இப்போது நம் பங்கில், கையெழுத்துக் கொப்பி வைத்திருப்பவர்கள் வீட்டுக்கு இளையோர் இருவரை அழைத்துக்கொண்டு நாமே செல்கிறோம். தாள் தாளாகப் படமெடுத்து, பாடியவர் பெயரும் எழுதியவர் பெயரும் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்பதும் குறித்துக்கொண்டு, கொப்பியை அங்கேயே வைத்துவிட்டு வருகிறோம். இதுவரை பதினொன்று கிடைத்துள்ளன. முதலில் சென்றது அந்தப் பெண்ணின் வீட்டுக்குத்தான். கொப்பி இல்லை, ஆனால் பாட்டிலே பாதி அவருக்கு மனப்பாடம். அவர் சொல்லச் சொல்ல ஒரு பெண்பிள்ளை எழுதிக்கொண்டது. ஒன்பதாவது புலம்பலின் நடுவில் வரி மறந்துபோயிற்று. மேல்தோட்டத்தில் தம் சின்னம்மா ஒருவர் இருப்பதாகவும், அவருக்குத் தெரிந்திருக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். மழை விட்டதும் போக வேண்டும்.